ஆஸ்தியும் பாத்தியதையும்

“பஞ்சாயத்தே இல்லாம ஆன பெறவு பஞ்சாயத்து ஹாலு எங்க இருந்து வரும் மைனி, நான் அதத்தானே—”

“ஹாலு அங்கதானே நிக்கு. வாசலத் தொறந்தா தெரியும். அத ஆரும் சுருட்டி எடுத்துட்டு—”

“கட்டடம் நிக்கும். கட்டடத்துக்கு சொந்தக்காரன் மாறியாச்சில்லியா. என்ன சொல்லி முடிக்க விடுங்க—”

“முடிங்க. நான் வாயப் பொத்தல்லியே. ஆனா அட்வான்ஸ் கொடுத்தது நான். ரசீது எனக்க பெட்டியில—”

“செத்தவனுக்குக் கொடுத்த அட்வான்ஸு அது.”

அங்கே ஒரு குரல் நின்றது. நின்றது தாசம்மாளின் குரல். பலகாரத் தட்டை லீலாபாயின் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தாள். கோபத்திலும் தட்டு தள்ளுவது அவள் வழக்கம்.

தாசம்மாளின் ஒரே மகள் லிபிக்கும் லீலாபாயின் மகன் சஜினுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். பையனைப் பற்றியோ பெண்ணைப் பற்றியோ இரண்டு வீட்டிலும் ஒரு குறை இல்லை. சர்ச்சும் பாதிரியாரும் நாளும் நேரமும் முடிவாகிவிட்டன. சாப்பாடு எங்கே போடுவது என்பதில்தான் வந்து முட்டிக்கொண்டது.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, தமிழும் மலையாளமும் ஒரே வாய்க்குள் குடியிருக்கிற பக்கம் அது. தாசம்மாளின் வீடு இருந்தது பஞ்சாயத்தில். லீலாபாயின் வீடு, பஸ் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடும் நகரசபையில். சர்க்கார் ஒரு உத்தரவு போட்டு பஞ்சாயத்தை நகரசபையோடு சேர்த்துவிட்டது. இரண்டு ஊர் ஒன்றான அன்றிலிருந்து இந்தச் சம்பந்திகள் இரண்டாகத் தொடங்கினார்கள்.

“உங்க பஞ்சாயத்து என்ன கடன் வச்சிட்டுப் போயிருக்குன்னு தெரியுமா மைனி? அந்த ஹாலு கெட்டின லோனே இன்னும் தீரல்ல. இனி அது எங்க டவுண்காரங்க தலையில.”

“நாங்க வெறுங்கைய வீசிட்டு வரல்ல. சந்தை கொண்டு வந்தோம், கொளம் கொண்டு வந்தோம், ஆசுபத்திரிக் கட்டடம் கொண்டு வந்தோம். பொண்ணு வீட்டுச் சாமான் மாதிரி லாரி நெறய வந்திருக்கு.”

“லாரிக்க வாடகைப் பாக்கியும் சேத்து வந்திருக்கு.”

“நெறச்ச லாரிக்குத்தான் வாடகை. காலி வண்டிய ஆரு கூப்பிடுவா?”

லீலாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

அதுவரை ஜன்னல் பக்கத்து நாற்காலியில் பேசாமல் இருந்தவர் தாசம்மாளின் கணவர் ராஜமணி. வேலை செய்த காலமெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில், பத்திரம் எழுதியவர். அவர் எழுதிய கிரயப் பத்திரத்தில் ஒரு சொல் தப்பிப்போய்க் கோர்ட்டுக்குப் போனதில்லை என்பதை ஊரில் மற்றவர்களும் சொல்வார்கள், அவரும் சொல்வார். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினால் வீட்டில் ஒரு தீர்ப்பு வரப்போகிறது என்று பொருள். இப்போது இறக்கினார்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. பஞ்சாயத்தாபீஸ் சுவருல ஒட்டியிருந்த உத்தரவ நான் போட்டோ பிடிச்சிட்டு வந்திருக்கேன்.”

“நேத்தே சொல்லப்பிடாதா?” என்றாள் தாசம்மாள்.

“நேத்து ஆரும் கேக்கல்ல.”

போனைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, மலையாள எழுத்தைக் கூட்டி, பத்திரம் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

“மேற்படி பஞ்சாயத்தின் ஆஸ்தியும் பாத்தியதையும் முழுவதும் நகரசபையில் நிக்ஷிப்தமாகும்.”

“நிக்ஷிப்தம்னா?”

“போய்ச் சேரும்னு அர்த்தம்.”

“எது போய்ச் சேரும்?”

“ஆஸ்தி போச்சு. பாத்தியதையும் போச்சு.” கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். “நான் எத்தன பத்திரம் எழுதியிருக்கேன். சொத்த விக்கிறவன் சொத்த மட்டும் எழுதிக் கொடுத்தா, பின்னால அவனுக்க பேரன் வந்து உரிமை கேப்பான். அதனால சகல பாத்தியதையும் சேத்து எழுதுவோம். எழுதிட்டா அப்புறம் அந்த மண்ணுல நின்னு தும்மக்கூட அவனுக்கு உரிமை இல்ல. இவனுக அதத்தான் எழுதியிருக்கானுக. நல்லாவே எழுதியிருக்கானுக.”

“அப்போ நான் கொடுத்த அட்வான்ஸு?”

“பஞ்சாயத்துக்கே பாத்தியதை இல்ல. பஞ்சாயத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த உனக்கு எங்க இருந்து வரும்?”

சொந்த மனைவிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லுகிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சரியாக வாசித்த நிறைவில் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார்.

லீலாபாய் மோசமானவர் அல்ல. எழுந்து வந்து தாசம்மாளின் தோளில் கை வைத்தார்.

“மைனி, நான் உங்கள மட்டம் தட்டணும்னு சொல்லல்ல. டவுண்ல நல்ல ஆடிட்டோரியம், உள்ள முழுக்க ஏசி. மேனேஜரு நமக்கு வேண்டியவன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வேற ஆருக்கும் கொடுக்காம வச்சிருப்பான். கார்டு அச்சடிக்கச் சாலைக் கடைத்தெருவுக்குக் கொடுத்து அனுப்பணும். எடம் எதுன்னு தெரியாம எப்பிடி அடிக்க?”

“அங்க எல போடறது ஆரு?”

“கேட்டரிங்காரனுக்க ஆளுக. கைக்கு உறை, தலைக்குத் தொப்பி. ஒரு முடி விழாது.”

“எங்க தெருப் பெண்டுக?”

“அவங்க என்னத்துக்குக் கஷ்டப்படணும்? ராஜாத்தி மாதிரி உக்காந்து சாப்பிடட்டும்.”

தாசம்மாள் பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுக்குப் பொறுக்காதது அதுதான் என்று லீலாபாய்க்குத் தெரியாது. டவுணில் வளர்ந்தவர்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முந்தின நாள் மாலையே பெண்கள் ஆளுக்கொரு கத்தியும் தேங்காய்த் துருவியுமாக ஹாலின் பின்கட்டுக்கு வந்துவிடுவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால்தான் வருத்தம். தாசம்மாள் அந்தப் பின்கட்டில் எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்குப் பூசணி வெட்டினாள், எத்தனை பேருக்குப் பாயசம் கிண்டினாள் என்பதற்குக் கணக்கில்லை. எல்லா வீட்டுப் பெண்களும் அவளுக்குக் கை உழைப்பாகக் கடன்பட்டிருந்தார்கள். தீர்க்க அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு கல்யாணம், லிபியின் கல்யாணம். எரிசேரி யார், அவியல் யார் என்று அவர்களுக்குள் பேசி முடித்தும்விட்டார்கள். சர்ச்சும் ஹாலும் எதிரெதிர். சர்ச்சில் கல்யாணம் முடிந்து ரோட்டைத் தாண்டினால் பந்தி. டவுண் ஆடிட்டோரியத்தில், தொப்பி போட்ட பையன்கள் பரிமாற, அந்தப் பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை தாசம்மாளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தானே மைனி? நான் சொல்லுகேன்,” என்றாள்.

லீலாபாய் போனதும் மகளுக்குப் போன் செய்தாள். லிபி கண் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள்.

“அம்மா, எங்க சாப்பாடு போட்டா எனக்கென்ன? அன்னைக்கு நான் சாப்பிடப்போறது ஒரு வாய். அதுக்குள்ள போட்டோகிராபர் எழுப்பி விடுவான்.”

“நான் உனக்க வாயப் பத்திப் பேசல்ல மோளே.”

“பின்னே?”

“நீ கண்ணப் பாரு. வை.”

போனை வைத்துவிட்டு ராஜமணியின் முன்னால் வந்து நின்றாள்.

“கேட்டியளா. நம்ம பாத்தியதைய எடுத்துட்டுப் போனது ஆரு? சர்க்காரா, நகரசபையா?”

“சர்க்கார் எடுத்து நகரசபைக்குக் கொடுத்திருக்கு.”

“இப்போ ஆரு கையில இருக்கு?”

“நகரசபை கையில.”

“அப்போ அங்க போயிக் கேப்போம். இருக்கிறவன்ட்டதானே கேக்க முடியும்.”

“சும்மா வாயால கேட்டா கிட்டாது,” என்றார் ராஜமணி. சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். “மனு எழுதணும்.”

வேலையை விட்ட பிறகு அவரிடம் யாரும் எதையும் எழுதக் கேட்டதில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மலையாள எழுத்தில்தான் எழுதினார். சொற்கள் மட்டும் களியக்காவிளைச் சொற்கள். ஹாலின் நான்கு எல்லையை விவரித்தார். கிழக்கே சந்தை வளவு, மேற்கே கெனால், வடக்கே சர்ச்சுக்கு முன்னால் போகும் ரோடு, தெற்கே மேற்படி வளவுப் பலாமரம். பிறகு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு முக்கியமான வரியை எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார்.

“மேற்படி ஹாலின் சகல பாத்தியதையும் இந்த வார்டு ஜனங்களாகிய எங்களுக்கும், எங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியத்துக்கும், சந்திர சூரியர் உள்ளவரை சேர்ந்ததென்று ஒப்புக்கொண்டு, அதை எங்களிடமே திருப்பித் தரவேணுமாய்.”

“நல்லா இருக்கு,” என்றாள் தாசம்மாள். “சந்திரனும் சூரியனும் வேணுமா?”

“அது இல்லேன்னா பத்திரத்துக்குக் கெட்டி கிடையாது.”

தெருவில் கையெழுத்து வாங்கப் போனார்கள். பக்கத்து வீட்டு ஷீஜா, எரிசேரிக்கு ஒப்புக்கொண்டவள், கதவைத் திறந்ததும் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்கு?”

“நம்ம பாத்தியதைய நமக்கே திருப்பிக் கேட்டிருக்கு.”

“கேக்கணும். சும்மா விட்டா நாளைக்குக் கெணத்துக்கும் வருவானுக.” போட்டுவிட்டாள். “எனக்க மாமியாருக்கும் சேத்து நானே போடட்டுமா? அவங்களுக்குக் கை நடுங்கும்.”

“அது செல்லாது. மையில விரல உருட்டச் சொல்லு.”

சாயங்காலத்துக்குள் தெருவில் பேனா பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் போட்டிருந்தார்கள். தெரியாதவர்கள் விரலை உருட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் நகரசபை ஆபீஸ். புதிதாகச் சேர்ந்த வார்டுகளுக்கென்று ஓரத்தில் ஒரு கவுண்டர் போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் ரெம்யா. அவள் வீட்டிலும் தமிழ்தான். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் மலையாளம் வரும். மனுவை வாங்கி முதலில் வேகமாக வாசித்தாள். பிறகு மெதுவாக. பிறகு, எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்.

“சேச்சி, இது ஆரு எழுதினது?”

“இவிய.” தாசம்மாள் கணவரைப் பெருமையோடு காட்டினாள்.

“இதுல எழுதியிருக்கது சாருக்கு நெஜமாவே வேணுமா?”

“வேணும்,” என்றார் ராஜமணி.

“முழுசும்?”

“சகலமும்.”

“கொஞ்சமா ஒண்ணும் எங்களுக்கு வேண்டாம்,” என்றாள் தாசம்மாள். “அரகொறயாத் தந்துட்டு மிச்சத்த நீங்க வச்சிக்கிடுவிய.”

ரெம்யா உட்கார்ந்தாள். சிரிக்கக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் உட்காருதல் அது. பின்னால் திரும்பி, “சார், ஒந்நு வருமோ,” என்று கூப்பிட்டாள். சூப்ரண்டு வந்தார். வழுக்கை, கையில் பாதி குடித்த சாயா. மனுவை அவரும் வாசித்தார். சாயாவை மேஜையில் வைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார்.

“எத்ர பேரு ஒப்பிட்டிருக்கு?” என்றார்.

“தெரு முழுக்க,” என்றாள் ரெம்யா.

“சர்வீஸில் இதுபோல ஒண்ணு நான் கண்டதில்ல.” நாற்காலியை இழுத்துப் போட்டு ராஜமணிக்கு எதிரே உட்கார்ந்தார். மரியாதையாகவே கேட்டார். “சாரே, ஹாலுக்க லோன் பாதிக்கு மேல அடைக்கக் கிடக்கு. அதும் இதுல வரும். தெரியுமல்லோ?”

“சகலமும்னு எழுதின பெறவு தனித்தனியாப் பிரிக்க முடியாது,” என்றார் ராஜமணி. “எழுத்து எழுத்துதான்.”

“மக்களும், மக்களுக்க மக்களும் அடைக்கணும்னு எழுதியிருக்கு.”

“அடைக்கணும்னு எழுதல்ல. அனுபவிக்கணும்னு.”

“சந்திர சூரியர் உள்ள காலம் வரைக்கும்.”

“அது வழக்கமா எழுதறது.”

சூப்ரண்டு ரெம்யாவைப் பார்த்தார். ரெம்யா மேஜைக்கு அடியில் எதையோ தேடிக் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சேச்சி,” என்றாள் தாசம்மாளிடம், இப்போது வீட்டுத் தமிழில். “தெரியாமக் கேக்குகேன். ஆராவது கடபாத்யதைய வேணும்னு வந்து கேப்பாங்களா?”

“என்ன பாத்யத?”

“கடபாத்யத. கடன்.”

தாசம்மாள் மேஜை மேல் கிடந்த மனுவைப் பார்த்தாள். கடபாத்யதை என்ற சொல் அவளுக்குத் தெரியாததல்ல. டிவியில் தினமும் வருவது. ஒரு குடும்பம் கடபாத்யதையில் வீட்டை விற்றது என்று மலையாளத்தில் செய்தி வாசிக்கும்போது அவளும் உச்சுக்கொட்டியிருக்கிறாள். பாத்தியதை என்ற சொல்லும் தெரியும். முப்பது வருஷமாகக் கணவர் வாயில் கேட்பது. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன, ஒன்று டிவியில், ஒன்று நாற்காலியில். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

“மோளே,” என்றாள் மெதுவாக. “மலையாளத்துல அதுக்கு அர்த்தம் உரிமை இல்லியா?”

“உரிமை இல்ல சேச்சி. பொறுப்பு. கொடுத்துத் தீக்க வேண்டியது.”

“இவிய எழுதியிருக்கது?”

“இவிய எழுதியிருக்கது, உங்க தெரு ஜனங்க பேரன் பேத்தியோட ஹாலுக்க கடன முழுசா ஏத்துக்கிடுதாங்கன்னு. நகரசபைக்கு ரொம்ப சந்தோஷம். சார் இப்பமே சீல் வைப்பாரு.”

சூப்ரண்டு விளையாட்டாகச் சீலை எடுத்து மையில் ஒற்றினார். தாசம்மாளின் கை அதற்கு முன்னால் போய்விட்டது. மனுவை இழுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்தாள். அதற்குப் பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினாள்.

“களியக்காவிளையில அதுக்கு அர்த்தம் உரிமைதான்,” என்றார் ராஜமணி.

“அப்போ களியக்காவிளையில போயி ஹாலு எடுங்க.”

“இந்த மலையாளத்துக்காரன் ஒரு நல்ல வார்த்தைய எடுத்து—”

“பேசாண்டாம். தெரு முழுக்க விரல உருட்டியிருக்கு. ஷீஜா அறிஞ்சான்னா எரிசேரியில உப்பு போடமாட்டா.”

ராஜமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கவுண்டரை விட்டு எழுந்திருக்க வேண்டியவள் தாசம்மாள். எழுந்திருக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“மோளே, அந்த உத்தரவுல என்ன இருக்கு? ஆஸ்தியும் பாத்யதையும் நகரசபைக்கு. இல்லியா?”

“அதே.”

“பஞ்சாயத்து எனக்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கு. இன்ன தேதிக்கு ஹாலு தாறேன்னு ரசீது எழுதியிருக்கு. அது பஞ்சாயத்துக்க என்னது? ஆஸ்தியா, பாத்யதையா?”

ரெம்யாவுக்குப் புரிந்தது. சூப்ரண்டுக்கு அதற்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. சாயாவை எடுத்துக் குடித்தார்.

“பாத்யத,” என்றார்.

“அது இப்போ ஆருக்க பாத்யத?”

“ஞங்ஙளுக்க.”

“அப்போ ஹாலு எனக்குத் தரணும்.”

“தரணும். தராம முடியாது. அதுக்குத்தானே சேச்சி உத்தரவு. இதுக்கு மனுவே வேண்டாம், ரசீதோட வந்திருந்தாப் போதும்,” என்றாள் ரெம்யா.

தாசம்மாள் கணவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. கூடவே கொண்டு வந்திருந்த ரசீதை எடுத்து வைத்தாள். ரெம்யா கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

“வீட்டு நம்பரு?”

“பழசா, புதுசா?”

“பழசு சொல்லுங்க. புதுசு என்னன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது.”

சொன்னாள். ரெம்யாவின் புருவம் ஏறியது.

“ரசீதுல வார்டுக்காரங்களுக்கு உள்ள கொறஞ்ச வாடகை போட்டிருக்கு. அது வீட்டுக்கரம், அதான் வீட்டு வரி, கெட்டி முடிச்சவங்களுக்கு. இங்க கரம் போன வருஷத்துலயிருந்து பாக்கி காட்டுது.”

“இருக்காது. கரம் கெட்டறது இவிய. ஒரு நாளு தப்பாது.”

“நான் கெட்டல்ல,” என்றார் ராஜமணி, சுவரைப் பார்த்து.

“என்னது?”

“பஞ்சாயத்து போவப்போவுதுன்னு அப்பமே பேச்சு. போறவனுக்குக் கெட்டிட்டு, வாறவன் வந்து இன்னொரு தடவ கேட்டா? அதான் ஆரு நெலச்சி நிக்கிறான்னு பாத்துட்டுக் கெட்டலாம்னு.”

“சாரு மட்டுமில்ல,” என்றாள் ரெம்யா. “அந்த வார்டுல பாதி வீடு அதே மாதிரி. எல்லாருக்கும் ஆரோ ஒரு ஆளு உக்காந்து சொல்லிக் கொடுத்தது போல.”

ராஜமணி மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

“போறவனுக்குக் கெட்டாத பாக்கி, போறவனுக்க ஆஸ்தி சாரே,” என்றார் சூப்ரண்டு. “அந்த ஆஸ்தி இப்போ எங்களுக்கு. இதுல களியக்காவிளையும் நாங்களும் ஒரே அர்த்தம்தான்.”

“கரத்துக்க ரேட்டு பழசா, டவுண் ரேட்டா?” என்றார் ராஜமணி.

“புதுசா அளந்து நிச்சயிக்கும் வரைக்கும் பழசுதான். அளக்க ஆளு வரும்.”

“அத எழுதித் தருவியளா?”

“இவிய எழுத்துப் பேச்சே பேசாண்டாம்னு சொல்லு மோளே,” என்றாள் தாசம்மாள். “எடுத்துக் கெட்டச் சொல்லு.”

ராஜமணி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கட்டினார். எண்ணி முடிக்கும்வரை தாசம்மாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரெம்யா ரசீது அடித்தாள், ஹாலின் தேதியைத் திறந்தாள், திறந்ததும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“சார். அந்த தேதிக்குத்தானே கேம்ப்.”

“ஏது கேம்ப்?” என்றாள் தாசம்மாள்.

“வீட்டுக்கரம் வசூல் பண்ணுற கேம்ப், சேச்சி. பாதி வார்டு கெட்டாம இருக்கில்லியா, அதுக்குத்தான். அந்த ஹால்லதான். நோட்டீஸ் அடிச்சாச்சு. ஆட்டோவில மைக்கு கெட்டிச் சொல்லியாச்சு. டவுண்காரங்களும் அங்க வந்து கெட்டலாம்னு சொல்லியிருக்கு.”

“அன்னைக்கு எனக்க மோளுக்குக் கல்யாணம்.”

“தெரியுது சேச்சி. ரெண்டும் எங்களுக்க தலையில.”

கொஞ்ச நேரம் மூன்று பேரும் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். ராஜமணி மட்டும் தரையைப் பார்த்தார். அந்தக் கேம்ப் எப்படி வந்தது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“கேம்புக்கு எத்தன மேஜ போடுவிய?” என்று கேட்டாள் தாசம்மாள்.

“ஒண்ணு. நான் ஒருத்திதான்.”

“ஒரு மேஜைக்கு ஹாலு முழுசும் என்னத்துக்கு? முன்வராந்தாவுல போடு. காத்து வரும். உள்ள எனக்குப் பந்தி. பின்கட்டு முந்தின நாளே எங்க பெண்டுகளுக்கு.”

“கரம் கெட்ட வாறவங்களும் கல்யாணத்துக்கு வாறவங்களும் கலந்து போவாதா?” என்றார் சூப்ரண்டு.

“ரெண்டும் ஒரே ஆளுகதானே சாரே. அந்த வார்டுல நான் கூப்பிடாத வீடு எது, நீங்க நோட்டீஸ் கொடுக்காத வீடு எது? சாப்பிட்டுட்டு சந்தோஷமாக் கெட்டட்டும். வெறும் வயித்துல கரம் கேட்டா ஆரு தருவா?”

“சாப்பிட்ட பெறவு நிக்க மாட்டாங்க சேச்சி,” என்றாள் ரெம்யா. “எனக்குத் தெரியும். பாயசம் முடிஞ்சா நேரே பஸ் ஸ்டாப். முன்னால கெட்டட்டும், பெறவு பந்திக்குப் போவட்டும். எனக்க மேஜையத் தாண்டித்தான் எலைக்குப் போவணும்.”

“தாண்டட்டும். எனக்கென்ன.”

“மத்தியானத்தோட மூடிருவேன்.”

“மூடிட்டு நீயும் வந்து உக்காரு. சாரும் வரணும்.”

“பாயசம் ஏதாணு?” என்று கேட்டார் சூப்ரண்டு.

“பால்பாயசமும் அடையும்.”

சூப்ரண்டு எழுந்து போய், எங்கோ ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார். முன்வராந்தா நகரசபைக்கு, மீதி தாசம்மாளுக்கு என்று இரண்டு வரி. தாசம்மாள் வாங்கியதும் ராஜமணி வழக்கம்போலக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. ரெம்யாவிடம் நீட்டினாள்.

“நீயே வாசி மோளே. தமிழ்ல சொல்லு. ஒவ்வொரு வார்த்தையா.”

வெளியே போர்டிகோவில் நின்று லீலாபாய்க்குப் போன் செய்தாள். ராஜமணி கொஞ்சம் தள்ளி நின்று, எதிரே நிறுத்தியிருந்த குப்பை வண்டியின் நம்பரைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“மைனி, ஆடிட்டோரியம்காரன் ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு,” என்றார் லீலாபாய் எடுத்த எடுப்பில். “ஒரு வாக்கு சொல்லுங்க.”

“அவன விட்டுருங்க. ஹாலு கிட்டியாச்சு.”

“எப்பிடி? அண்ணாச்சி பாத்தியதை போச்சுன்னு வாசிச்சாரே.”

“அது போன எடத்துலயே போயிப் பிடிச்சாச்சு. கார்டுல போடச் சொல்லுங்க.”

“என்ன பேரு போட? பஞ்சாயத்து ஹால்னு போட்டா, பஞ்சாயத்தே இல்லியேன்னு சிரிப்பாங்க. நகரசபை ஹால்னு போட்டா எங்க ஆளுக டவுண்ல தேடிட்டு நிப்பாங்க.”

“சர்ச்சுக்கு எதிரேன்னு போடுங்க. சர்ச்ச ஆரும் எதோடயும் சேக்கல்லியே.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். சிரித்துவிட்டு லீலாபாய் ஒத்துக்கொண்டார். ஹால் நல்லதுதான், சஜினுக்கும் டவுண் ஆடிட்டோரியத்தில் அவ்வளவு விருப்பம் இல்லை, தொப்பிக்காரன் அவியலில் வெள்ளரி போடமாட்டான் என்று தானே காரணங்களையும் அடுக்கினார். தாசம்மாள் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள். அதன் பிறகு முன்வராந்தாவைப் பற்றிச் சொன்னாள்.

“மேஜையா? கல்யாண வாசல்லயா?”

“வாசல்ல இல்ல, வராந்தாவுல. ஒரு மேஜதான். ஒரு பொண்ணு. நல்ல சுபாவம்.”

“அவ என்ன செய்வா?”

“கம்ப்யூட்டர் வச்சிட்டு இருப்பா. வீட்டு நம்பரு சொன்னா பாக்கி சொல்லுவா. வாங்கிட்டு ரசீது தருவா. உள்ள விடுவா.”

“எங்க ஆளுகளையுமா?”

“டவுண்காரங்களுக்கும் சேத்துத்தான் மைக்குல சொல்லியிருக்கு.”

“மைனி, சஜினுக்க அப்பா பக்கத்து ஆளுக கொஞ்சம் பேரு வருவாங்க. பெரிய வீட்டுக்காரங்க. கார்ல வந்து எறங்குவாங்க. வாசல்ல நிறுத்தி எல்லாரும் கேக்கப் பாக்கின்னு சொன்னா—”

லீலாபாய் பாதியில் நிறுத்தினார். தாசம்மாள் போனை மற்றக் காதுக்கு மாற்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒண்ணு மட்டும் இப்பமே சொல்லிருங்க மைனி, அதுல கரம் கெட்டாதவிய எத்தன பேருன்னு தெரிஞ்சா, அவங்களுக்கு மட்டும் மேஜையத் தாண்டாம பின்கட்டுல எல போடச் சொல்லிருவேன்.”